மூன்று கால் போதுமா?

நாய் இல்லாத தோட்டத்து லயத்தை நம் பெற்றோர் தலைமுறையில் யாரும் பார்த்திருக்க முடியாது. வாசலுக்கு ஒன்று படுத்துக் கிடக்கும். பெயர் பெரும்பாலும் மணி, கறுப்பன், டைகர், ஜிம்மி என்பதாக இருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது நாயும் கூடவே வந்தது. ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில், ஹியோங் பியா பிஸ்கட் சுடும் வாசனைக்கு நடுவே இருக்கும் எங்கள் குனோங் ராபாட்டிலும் அப்படித்தான். இன்றைய நாய் கேட் வைத்த வீட்டில் வாழ்கின்றது. தடுப்பூசி போட்டுக்கொள்கின்றது. தோட்டத்து நாய் கண்டிராத வயதையும் காண்கின்றது. பத்து, பன்னிரண்டு, சில வேளைகளில் பதினைந்து. ஆகவே, தோட்டத்தில் எழாத சில கேள்விகள் இன்று நம் வீட்டுக் கூடத்திற்கே வந்துவிடுகின்றன. வயதான நாயின் கால் நசுங்கிப்போனால் அதை ஒட்டவைக்கப் போராடுவதா, எடுத்துவிடுவதா, ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்க வைப்பதா என்பது அவற்றுள் ஒன்று.

அக்கேள்வி சென்ற ஆண்டு எங்கள் வீட்டிற்கு வந்தது. பல்கலைக்கழக விடுமுறையில் நான் வீட்டிலிருந்த ஒரு மாலை வேளையில், பின் சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் மணியின் மீது ஏறிப் போய்விட்டது. மணிக்கு அப்போது வயது பதினொன்று. எடை 17 கிலோ. இனம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத கம்பத்து நாய். வலது பின்னங்காலின் கீழெலும்பு பல துண்டுகளாக உடைந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. கிளினிக்கில் காயத்தைக் கழுவி, கட்டுப்போட்டு, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "எடுத்துடறது நல்லதுன்னு நெனைக்கிறேன் தம்பி. வீட்டுல பேசிட்டு வாங்க," என்றார்.

வீட்டில் பேசினோம். பதினாறு நாள் பேசினோம். அந்தப் பதினாறு நாளில் நான் படித்தவற்றையும் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். நாய் வளர்க்கும் வீட்டில் இக்கேள்வி என்றாவது ஒருநாள் வரக்கூடும். வரும் நேரத்தில் உட்கார்ந்து படிக்க அவகாசம் இருக்காது.

மனிதக் கணக்கும் நாயின் கணக்கும்

முதலில் மறுத்தவர் பாட்டி. அவர் மறுப்பதற்குக் காரணம் இருந்தது. தாத்தாவுக்குச் சர்க்கரை நோயினால் கால் எடுத்தார்கள். "முழங்காலுக்குக் கீழன்னாங்க. எட்டு மாசந்தான் இருந்தாரு. கால எடுத்தா ஆளு போயிடும் ஐயா," என்றார்.

பாட்டியின் அச்சம் நம் சமூகத்திற்கே பொதுவானது என்று எண்ணுகிறேன். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறியது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். நம்மில் பலருக்குக் கால் எடுத்த ஒரு மாமாவோ பெரியப்பாவோ இருக்கின்றார். 'கால் எடுப்பது' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் கண்முன் வருவது சக்கர நாற்காலியும், வராந்தாவில் வெறித்துப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் ஒரு மனிதரும்தாம்.

ஆனால் அந்தப் படத்தை நாய்க்குப் பொருத்துவதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. நீரிழிவினால் கால் எடுக்கப்பட்டவரின் நோய் காலோடு நிற்பதில்லை. இரத்தக் குழாய், சிறுநீரகம், இதயம் என உடல் முழுவதும் அது முன்பே பரவியிருக்கும். கால் போனது அந்நோயின் ஓர் அடையாளம். அவர் எட்டு மாதத்தில் இறந்தால் கொன்றது கால் எடுத்த கத்தி என்று சொல்ல முடியாது. விபத்தில் கால் நசுங்கிய நாய்க்கோ அந்தக் கால் மட்டுமே கெட்டிருக்கின்றது. அப்படித்தானா என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது வேறு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மற்றொன்று நிற்கின்ற முறை. இரண்டு காலில் நிற்கும் மனிதனின் ஒவ்வொரு காலும் உடலின் பாதிப் பாரத்தைச் சுமக்கின்றது. நாய் அப்படியன்று. அதன் தலையும் மார்பும் முன்புறம் இருப்பதால் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் இரண்டும், 40 விழுக்காட்டைப் பின்னங்கால்கள் இரண்டும் தாங்குகின்றன. எனவே ஒரு பின்னங்கால் போனால் போவது ஐந்தில் ஒரு பங்குதான். 17 கிலோ நாய்க்கு அது மூன்றரை கிலோவுக்கும் குறைவு. மூன்று கால்கள் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. முன்னங்கால் போனால் 30 விழுக்காடு போகின்றது. அதனால்தான் முன்னங்காலை இழந்த நாய் தலையை ஆட்டி ஆட்டித் துள்ளி நடக்கும். பின்னங்காலை இழந்தது சற்று வேகமாக ஓடினால் வேறுபாடே தெரியாது என்பார்கள். பின்னங்கால் போவதை நாய் இன்னும் எளிதாகத் தாங்கும் என்பதற்கு இக்கணக்கே காரணம்.

இக்கணக்கு எல்லா விலங்குக்கும் பொருந்தாது. 2016-இல் இந்தியாவில் நடந்த ஒரு சம்பவம் சிலருக்கு நினைவிருக்கலாம். அவ்வாண்டு மார்ச் 14-ஆம் நாள் டேராடூன் நகரில் நடந்த அரசியல் ஆர்ப்பாட்டம் ஒன்றின்போது, உத்தராகண்ட் காவல்துறையின் சக்திமான் என்ற வெள்ளைக் குதிரையின் பின்னங்கால் முறிந்தது. மருத்துவர்கள் சில நாட்களிலேயே அக்காலை எடுத்தார்கள். செயற்கைக் காலும் பொருத்தினார்கள். நாடே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் 20-ஆம் நாள் சக்திமான் இறந்துபோனது. குதிரை சில நூறு கிலோ எடை கொண்டது. நெடுநேரம் படுத்துக் கிடக்க அதன் உடல் இடங்கொடாது. ஒரு கால் போனால் மற்றக் குளம்புகள் பாரம் தாங்காமல் புண்ணாகிவிடும். அதனால்தான் குதிரைக்குச் செயற்கைக் கால் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது. நாய்க்குப் பெரும்பாலும் செயற்கைக் கால் தேவைப்படுவதே இல்லை. என் தம்பி, "பொய்க்கால் வச்சிடலாமே அண்ணா," என்று கேட்டபோது டாக்டர் சொன்ன பதில் இதுதான். பொய்க்கால் வைக்க வேண்டுமானால் கட்டைக்காலாகக் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். நாய் அந்த மிச்சத்தைத் தரையில் ஊன்றப் பார்க்கும். தோல் உரிந்து புண்ணாகும். ஆகவே பின்னங்காலானால் தொடையின் மேற்பாதியிலோ இடுப்பு மூட்டிலோ, முன்னங்காலானால் தோள்பட்டை எலும்போடு சேர்த்தோ உயரத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். 'கெட்டது பாதம்தானே, ஏன் தொடை வரை?' என்று கேட்டு மனம் நொந்துபோவோர் பலர். நாங்களும் கேட்டோம்.

இனி, காலை இழந்த நாய்கள் எப்படி வாழ்கின்றன என்பதற்குச் சான்று உண்டா? உண்டு. நெதர்லாந்தில் 44 நாய்களின் உரிமையாளர்களிடம் விசாரித்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலான நாய்கள் ஒரு மாதத்திற்குள் பழகிக்கொண்டதாகத் தெரியவந்தது. அமெரிக்காவில் 64 நாய்களைப் பற்றி 2015-இல் வெளிவந்த ஆய்வில், 58 நாய்களின் குணத்தில் எந்த மாற்றமும் இல்லை என்றும், 56 நாய்கள் முழுமையாகவோ கிட்டத்தட்ட முழுமையாகவோ பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிட்டன என்றும் உரிமையாளர்கள் கூறியிருந்தனர். தாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள் 50 பேர். அதே ஆய்வில் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தி, அறுவையின்போது எடை கூடுதலாக இருந்த நாய்களின் நிலை அவ்வளவு சிறப்பாக இல்லை என்பது. இவையெல்லாம் உரிமையாளர்கள் சொன்னவை, நாய்கள் சொன்னவையல்ல. தாம் எடுத்த முடிவு சரியென்று நம்ப விரும்புவது மனித இயல்பு. அதைக் கழித்துக்கொண்டு பார்த்தாலும், மூன்று காலோடு வாழ்வது கொடுமை என்ற நம் எண்ணத்திற்கு இவற்றில் ஆதாரமில்லை.

வயது ஒரு பதிலா?

"வயசாயிடுச்சு, இன்னும் எத்தன வருஷம்?" என்பது அம்மாவின் வாதம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். டாக்டர் அதைத் தலைகீழாக்கிக் காட்டினார். காலை ஒட்டவைப்பதென்றால் தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்த வேண்டும். அல்லது வெளியிலிருந்து கம்பிகளால் இறுக்க வேண்டும். திறந்த காயம் என்பதால் எலும்பிற்குள் கிருமி புகும் ஆபத்து அதிகம். முதிய நாயின் எலும்பு மெதுவாகத்தான் கூடும். இரண்டு மூன்று மாதம் கூண்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டும். வாரந்தோறும் கட்டு மாற்ற வேண்டும். தவறினால் இரண்டாம் அறுவை. அதுவும் தவறினால் கடைசியில் எப்படியும் கால் எடுப்புத்தான். இரண்டு வயது நாய்க்கு மூன்று மாதம் என்பது வாழ்நாளில் சிறு துளி. பதினொரு வயது நாய்க்கு அது எஞ்சியிருக்கும் காலத்தில் பெரும் பங்கு. ஒரே அறுவையில் வலியை முடித்துவிடும் வழி முதிய நாய்க்குத்தான் கூடுதலாகப் பொருந்துகின்றது.

இப்படிச் சொல்வதால் வயதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று பொருளில்லை. எத்தனை வயது என்பதைவிட, அந்த வயது உடலுக்குள் என்ன செய்து வைத்திருக்கின்றது என்று பார்க்க வேண்டும். மிச்சமிருக்கும் மூன்று கால்களும் தாங்குமா? மறுபக்க இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கின்றதா? முதுகெலும்பில் தேய்மானம் உண்டா? இதற்கு எக்ஸ்ரே மட்டும் போதாது. நாயை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். டாக்டர் மணியைக் கிளினிக்கின் சிமெண்டுத் தரையில் விட்டார். அது உடைந்த காலைத் தூக்கிக்கொண்டு, மூன்று காலில் நொண்டி நொண்டிக் கதவருகே போய் நின்றது. வீட்டிற்குப் போக வேண்டுமாம். "பாத்தீங்களா? இது இப்பவே மூணு கால் நாய்தான். நாலாவதைச் சும்மா தூக்கிட்டுத் திரியுது," என்றார் டாக்டர். எனக்கு அதுவரை அது தோன்றவேயில்லை.

பிறகு இரத்தம். சிறுநீரகம், கல்லீரல், இரத்தச் சோகை ஆகியவற்றை எந்த நாட்டிலும் பார்ப்பார்கள். நம் நாட்டில் கூடுதலாக இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, கொசுவினால் பரவும் இதயப்புழு. மற்றொன்று, உண்ணியினால் பரவும் எர்லிக்கியா காய்ச்சல். இந்தக் காய்ச்சல் கண்ட நாயின் இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துவிடும். டிங்கியில் குறைவதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டணு குறைந்தால் இரத்தம் உறையாது. அந்த நிலையில் தொடையை அறுத்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு இலட்சத்திற்கு மேல் இருக்க வேண்டியது மணிக்கு 52 ஆயிரமே இருந்தது. வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தின்றது, குரைத்தது, வாலாட்டியது. ஆகவே நாங்கள் சம்மதித்த பிறகும் உடனே அறுக்க முடியவில்லை. டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்து, தட்டணு ஏறும்வரை ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. பதினாறு நாளில் ஏழு நாள் உண்ணிக்குப் போனது. எஞ்சிய ஒன்பது நாளும் எங்கள் தயக்கத்திற்குப் போனவை.

முதிய நாய்களில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பெரிய அடி எதுவும் படாமல், மாடிப்படியிலிருந்து குதித்ததற்கே கால் முறிந்தது என்றால், அல்லது காரணமின்றி வாரக்கணக்கில் ஒரே காலில் வீக்கம் என்றால், அது எலும்புப் புற்றுநோயாக இருக்கலாம். பெரிய உடல்வாகு கொண்ட நாய்களில் இது அதிகம். அங்கே கால் எடுப்பதன் பொருளே மாறிவிடுகின்றது. நோய் கண்டுபிடிக்கப்படும்போதே அது பெரும்பாலும் நுரையீரலுக்குக் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும். கால் மட்டும் எடுத்தால் நாய்கள் பெரும்பாலும் நான்கைந்து மாதமே உயிர்வாழ்கின்றன; புற்றுநோய் மருந்தும் சேர்ந்தால் ஓராண்டை ஒட்டி. அப்படியானால் எதற்கு எடுப்பது? வலிக்காக. எலும்புப் புற்று தரும் வலி மிகக் கொடியது. அந்த நான்கு மாதமும் வலியின்றிக் கழியும். அந்த நான்கு மாதம் போதும் என்று சிலர் எடுக்கிறார்கள். போதாது என்று சிலர் ஊசியைத் தேர்கிறார்கள். இரண்டு தரப்பையும் நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கத்தி வைப்பதற்கு முன் மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் முடிவு செய்யக் கூடாது.

முன்னங்கால் இழுபட்டு வந்தால்

நம் தாமான்களில் மோட்டார் சைக்கிள் மோதிய நாய்களுக்கு வரும் மற்றொரு காயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் அதில் எலும்பு உடைவதே இல்லை. மோதிய வேகத்தில் முன்னங்கால் பக்கவாட்டில் இழுபட, கழுத்துத் தண்டிலிருந்து அந்தக் காலுக்குப் போகும் நரம்புக் கொத்து வேரோடு பிய்ந்துவிடும். நாய் எழுந்து நடக்கும். ஆனால் அந்தக் கால் துணிபோலத் தொங்கும். பாதத்தின் மேற்புறம் தார்ச்சாலையில் உரசிக்கொண்டே வரும். 'எலும்பு நல்லாத்தான இருக்கு, தானே சரியாயிடும்' என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். விரல் இடுக்கை இடுக்கியால் அழுத்தமாகக் கிள்ளும்போது நாய் திரும்பிப் பார்க்கின்றதா என்பதே சோதனை. காலை வெடுக்கென்று இழுப்பதை நம்பக்கூடாது. திரும்பிப் பார்ப்பதோ முனகுவதோதான் வலி மூளைக்கு எட்டுகின்றது என்பதற்கு அடையாளம். உணர்ச்சி சிறிதேனும் இருந்தால் சில மாதம் காத்திருந்து பார்க்கலாம். வேரோடு அறுந்தது திரும்ப வளராது. உணர்வில்லாத காலை நாயே கடித்துத் தின்னத் தொடங்குவதும் உண்டு. அப்படிப்பட்ட காலை வைத்திருப்பதில் யாருக்கு நன்மை என்று எனக்குத் தெரியவில்லை.

வலியை எப்படி அறிவது?

எங்கள் ஒன்பது நாள் தயக்கத்திற்குப் பெருங்காரணம் மணியின் வால். நாங்கள் பக்கத்தில் போகும்போதெல்லாம் அது ஆடியது. "வலிச்சா வாலாட்டுமா?" என்று கேட்டார் அப்பா. நாலடியாரைப் படித்தவர்களுக்கு இதற்கான பதில் தெரியும். எறிந்த வேல் உடலில் நிற்கும்போதும் வாலைக் குழைக்கும் விலங்கு என்று நட்புக்கு உவமையாக அந்நூல் நாயைக் காட்டுகின்றது. இக்கால மருத்துவர்களும் ஏறக்குறைய அதையே சொல்கிறார்கள். வால் நம்மைக் கண்ட மகிழ்ச்சியைக் காட்டும். காலில் இருக்கும் வலியைக் காட்டாது. வலியை அறிய வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். படுத்த இடத்தில் அடிக்கடி புரண்டு இடம் மாற்றுவது, இரவில் உறங்காமல் மூச்சிரைப்பது, காயத்தை ஓயாமல் நக்குவது, பழகியவர் தொட்டாலும் உறுமுவது, வழக்கமாகப் படுக்கும் இடத்தை விட்டு மூலையில் ஒதுங்குவது. எட்டாம் நாள் இரவு நான் மணியின் அருகில் பாய் விரித்துப் படுத்தேன். அது அரை மணி நேரம் தொடர்ந்து தூங்கவில்லை. பகலில் வாலாட்டிய நாயும் இதுவும் ஒன்றுதானா என்றிருந்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வலி தாங்காமல் தவிக்கும் நாய்க்கு நம் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரூஃபன் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பல்வலிக்கும் மாதவிலக்கு வலிக்கும் நாம் போடும் போன்ஸ்டானும் அதே வகை மருந்துதான். பெனடாலும் மருத்துவர் அளவு சொல்லாமல் கொடுக்கத் தக்கதன்று. நாய்க்கென்றே வலி மருந்துகள் இருக்கின்றன.

எப்போது கால் எடுப்பது பொருளற்றது, எப்போது ஊசியே நல்லது என்பதற்கு எவரிடமும் துல்லியமான தராசு இல்லை. இருப்பினும் அமெரிக்க மருத்துவர் அலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் வகுத்த அளவுகோல் ஒன்று பயன்படுகின்றது. வலி, பசி, உடலின் நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடுதலா என்னும் ஏழு கேள்விகளுக்குத் தலா பத்துப் புள்ளி. மொத்தம் எழுபதில் 35-க்கு மேல் இருந்தால் தொடர்ந்து வாழவைப்பதில் பொருளுண்டு என்பது அவர் கருத்து. நான் அதைத் தமிழில் எழுதி, வீட்டில் ஐந்து பேரிடமும் தனித்தனியாகக் கொடுத்தேன். அம்மா 48 போட்டார். நான் 31 போட்டேன். ஒரே நாய்தான்! புள்ளிகளைவிட அந்த வேறுபாடுதான் எங்களை முதன்முறையாக உண்மையில் பேசவைத்தது. அம்மா காலையில் சோறு வைக்கும்போது மட்டும் அதைப் பார்க்கிறார். நான் இரவில் பார்த்தேன்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடித்தால் நேர்மையாக இராது. எங்களிடம் சொல்லப்பட்ட தொகை, சோதனைகளையும் சேர்த்து, 1,900 வெள்ளி. ஈப்போவில் 1948 முதல் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இருக்கின்றதே, அங்கே கொண்டுபோனால் இலவசமாகச் செய்வார்களே என்று ஒரு மாமா சொன்னார். அது ஆராய்ச்சிக்கான இடம். வீட்டு நாய்க்கு அறுவை செய்யும் மருத்துவமனையன்று. செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தில் கால்நடைப் போதனா மருத்துவமனை உண்டு; அடிபட்ட நாயை ஏற்றிக்கொண்டு குனோங் ராபாட்டிலிருந்து அவ்வளவு தொலைவு போக எங்களிடம் வாகனமில்லை. 1,900 வெள்ளி இல்லாத குடும்பம் கண்ணீரோடு ஊசியைத் தேர்ந்தால் அதைக் கொலை என்று சொல்பவரை நான் மதிக்க மாட்டேன். காயத்தோடு நாயை அப்படியே விட்டுவிடுவதைத்தான் ஏற்க முடியாது. 1953-ஆம் ஆண்டின் விலங்குச் சட்டத்தில் கொடுமைக்கு அபராதம் வெறும் 200 வெள்ளியாக நெடுங்காலம் இருந்தது. 2015-ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் அதை 20,000 முதல் 100,000 வெள்ளி வரையிலும், மூன்றாண்டு வரை சிறையாகவும் உயர்த்தியது. தன் விலங்கை வலியிலிருந்து காப்பதை உரிமையாளரின் கடமையாகவும் அச்சட்டம் ஆக்கியிருக்கின்றது. ஒன்றும் செய்யாமல் தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான். நாங்கள் ஒன்பது நாள் அந்த முடிவைத்தான் எடுத்துக்கொண்டிருந்தோம்.

இறுதியில் சம்மதம் சொன்னவர், யாரும் எதிர்பாராத வகையில், பாட்டி. ஒன்பதாம் நாள் கட்டு மாற்றும்போது காயத்திலிருந்து வாடை வந்தது. பாட்டி எழுந்து வந்து குனிந்து முகர்ந்தார். பிறகு, கோப்பேங் பக்கத் தோட்டத்தில் அவர் பால் வெட்டிய காலத்தில் இருந்த ஒரு வேட்டை நாயைப் பற்றிச் சொன்னார். காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் அதன் பாதம் மாட்டிக்கொண்டதாம். யாரும் காலை வெட்டவில்லை. "தானா அழுகி விழுந்துச்சுய்யா. ரெண்டு மாசம். லயமே நாறுச்சு. ராத்திரி பூரா ஊளை. அதுக்கப்புறம் அந்த நாயி மூணு கால்லயே பன்னி வெரட்டுச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. அந்த ரெண்டு மாசத்ததான் நெனச்சுப் பாக்கறேன்." அப்பாவுக்கும் அந்த நாய் நினைவிருந்தது, ஆனால் அவருக்கு நினைவிருந்தது பன்றி விரட்டியது மட்டுமே.

அறுவையும் அதன் பின்னும்

அறுவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முதல் நாள் இரவிலிருந்து பட்டினி. மயக்க மருந்து கொடுத்து, காலுக்குப் போகும் பெரிய நரம்பை வெட்டுவதற்கு முன் அதைச் சுற்றி மரத்துப்போகும் ஊசியும் போடுகிறார்கள். இதனால் விழித்த பின் வலி குறைகின்றது. பெரிய இரத்தக் குழாய்களைக் கட்டி, தொடை எலும்பின் மேற்பகுதியில் அறுத்து, முனையின்மேல் தசையைப் போர்த்தித் தைக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தையல் பிரிக்கப் பன்னிரண்டு நாள்.

மறுநாள் மாலை அழைத்து வந்தோம். மழித்த தோலும் தையலும் பார்க்கச் சகிக்கவில்லை. அம்மா உள்ளே போய்விட்டார். நாய்க்கு அது தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கேட்டிலிருந்து மாமரத்தடி வரை நடந்து, வழக்கமான இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து படுத்தது. முதல் வாரம் சிறுநீர் கழிக்க நிற்கும்போது தள்ளாடும். வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தோம். இரவில் இரண்டொரு முறை திடுக்கிட்டு எழுந்து இல்லாத காலைத் திரும்பிப் பார்த்தது. இல்லாத உறுப்பில் வலி தோன்றுவது மனிதர்க்கு உண்டு. நாய்க்கும் இருக்கலாம் என்கிறார் டாக்டர். மருந்தைக் கூட்டிக் கொடுத்தோம். மூன்றாம் வாரத்தில் அது நின்றுவிட்டது.

நாங்கள் எதிர்பார்க்காத எதிரி, தரை. நம் வீடுகளில் மொசைக்கும் டைல்ஸும்தான். நாலு காலுக்கே வழுக்கும் தரை மூன்று காலுக்குப் பனிக்கட்டி போன்றது. ஒரே ஒரு பின்னங்கால் வழுக்கிப் பிளந்தால் அந்த மூட்டும் போய்விடும். பழைய ரப்பர்ப் பாய்களைக் கூடத்திலிருந்து அடுக்களை வரை வரிசையாகப் போட்டோம். மணி அந்தப் பாய்களை விட்டு இறங்குவதேயில்லை. இரயில் தண்டவாளத்தில் போவதுபோல் போகும். தீபாவளிக்கு விருந்தினர் வந்தபோது பாய்களை எடுத்துவிடலாம் என்று அம்மா சொல்ல, பாட்டி விடவில்லை.

அடுத்தது எடை. மூன்று கால் நாய்க்குக் கூடுதலாக ஏறும் ஒவ்வொரு கிலோவும் மீதி மூட்டுகளுக்குச் சுமை. அடிபட்ட நாயென்று இரக்கப்பட்டு பக்கத்து வீட்டு ஆன்டி முதல் எங்கள் அப்பா வரை ஆளுக்கொரு துண்டு ரொட்டி போட, இரண்டாம் மாதம் எடை ஒரு கிலோ கூடிவிட்டது. இப்போது சோற்றைப் பாதியாக்கி, வேகவைத்த பூசணிக்காய் சேர்க்கிறோம். நகத்தை மூன்று வாரத்திற்கொருமுறை வெட்டுகிறோம்; நீண்ட நகம் வழுக்கும். மழைநாளில் இடது பின்னங்காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கின்றது. டாக்டர் மூட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மணிக்கு இப்போது பன்னிரண்டு முடிந்துவிட்டது. மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை, தம்பி அதைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறுகிறான். பிறகு தன் எடையைக் கழித்து, நாட்காட்டியில் எழுதி வைக்கிறான். சென்ற மாதம் 15.6 கிலோ.